கரைந்துகொண்டே வரும் அணு மருந்து! நுரையீரல் புற்றுநோயை வெல்லுமா?

ஒரு விமானம் பறந்து வருகிறது. அதில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது.

பெட்டி சின்னதுதான். ஆனால் கனம் அதிகம். உள்ளே ஈயச் சுவர். ஈயத்துக்கு உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி. அந்தக் குப்பியில் சில ஸ்பூன் அளவு மருந்து.

அது கடையில் வாங்கி அடுக்கி வைக்கும் மருந்து அல்ல. ஒரே ஒரு நோயாளிக்காகச் செய்யப்பட்டது. இன்ன ஆஸ்பத்திரி, இன்ன நாள், இன்ன மணி என்று முன்பே குறித்து அனுப்பப்பட்டது.

அந்த மருந்து வழியிலேயே குறைந்துகொண்டு வருகிறது!

குப்பியில் ஓட்டை இல்லை. யாரும் திருடவும் இல்லை. என்றாலும், ஒரு நாள் போனால் பத்தில் ஒரு பங்கு சக்தி போய்விடும். ஒரு வாரம் போனால் பாதி போய்விடும். ஐஸ் கட்டி கரைவது போலக் கரைந்துகொண்டே இருக்கும்.

விமானம் தாமதம் ஆனால் என்ன ஆகும்? மருந்து வீண். நோயாளி அடுத்த குப்பிக்காகக் காத்து இருக்க வேண்டும்.

இதுதான் அணு மருந்து. இதன் பெயர் லுடீசியம்-177. புற்றுநோய் எங்கே ஒளிந்து இருந்தாலும் தேடிப் பிடித்து, அந்த இடத்திலேயே கதிர் வீசிச் சுடுகிறது. வேறு சில புற்றுநோய்களுக்கு இது இப்போது பயன்பட்டு வருகிறது. முற்றிப்போன நுரையீரல் புற்றுநோய்க்கும் பயன்படுமா என்று சோதனைகள் நடக்கின்றன.

பயன்படும் என்றே வைத்துக்கொள்வோம். கேட்டவர்களுக்கு எல்லாம் கிடைக்குமா? அங்கேதான் சிக்கல்!

முரட்டு நோய்

உலகத்தில் மிக அதிகம் பேரைக் கொல்லும் புற்றுநோய் எது? நுரையீரல் புற்றுநோய்தான். 2022-ம் ஆண்டில் மட்டும் சுமார் 25 லட்சம் பேருக்கு அது புதிதாக வந்தது. சுமார் 18 லட்சம் பேர் இறந்தார்கள்.

இந்த நோயில் பல வகைகள் உண்டு. அவற்றில் மிகவும் முரட்டு வகைக்கு "சிறு செல் புற்றுநோய்" என்று பெயர். நம் உடம்பு கோடிக்கணக்கான செல்களால் ஆனது அல்லவா? இந்த வகையில், கெட்டுப்போன செல்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சிறிது சிறிதாகத் தெரியும். அதனால் அந்தப் பெயர்.

நுரையீரல் புற்றுநோய் வந்தவர்களில் 100-க்கு சுமார் 15 பேருக்கு இந்த வகை வருகிறது. பெரும்பாலும் புகை பிடிப்பவர்களுக்கே வருகிறது.

செல்கள் சிறியவை. ஆனால் வேகம் பெரியது! டாக்டர் கண்டுபிடிக்கும்போதே, மூன்று பேரில் இரண்டு பேருக்கு நோய் வேறு இடங்களுக்குப் பரவி இருக்கும். கல்லீரல், எலும்பு, மூளை என்று போய் இருக்கும்.

பரவிய பிறகு கத்தி வைத்து அறுத்துப் பயன் இல்லை. மருந்து ஏற்றுவார்கள். முதலில் கட்டி மளமளவென்று சுருங்கும். இருமல் குறையும். வீட்டில் இருப்பவர்கள் "பிழைத்தார்" என்று மகிழ்ச்சி அடைவார்கள்.

சில மாதங்கள் போகும். நோய் திரும்பி வரும். முதலில் கேட்ட மருந்துக்கு இந்தத் தடவை கேட்காது.

2018-ம் ஆண்டில் ஒரு சோதனையின் முடிவு வெளிவந்தது. பழைய மருந்து மட்டும் வாங்கியவர்களில் பாதிப் பேர் 10 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். அதோடு அடெசோலிசுமாப் என்ற புது மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 10 மாதம், 12 மாதம் ஆனது.

இரண்டு மாதம்தான் லாபம். அந்த இரண்டு மாதத்தையே பெரிய வெற்றி என்று டாக்டர்கள் கொண்டாடினார்கள். நோய் எவ்வளவு கொடியது என்பதை இதில் இருந்தே தெரிந்துகொள்ளலாம்.

கதிருக்குப் பயப்படும் செல்

இந்த முரட்டு நோய்க்கும் ஒரு பலவீனம் உண்டு. அது கதிர் பட்டால் சாகும்.

ஆஸ்பத்திரியில் "கரண்டு வைப்பது" என்று சொல்வார்களே, அந்தக் கதிர் சிகிச்சைக்கு இந்தச் செல்கள் நன்றாகக் கட்டுப்படும். ஒரே இடத்தில் கட்டி இருந்தால், வெளியில் இருந்து எந்திரம் வைத்துச் சுடலாம்.

பத்து இடங்களில் பரவி இருந்தால்? உடம்பு முழுவதும் எந்திரத்தால் சுட முடியாது. சுட்டால் நோயோடு நோயாளியும் போய்விடுவார்!

அப்படியானால் என்ன வழி? விஞ்ஞானிகள் இப்படி யோசித்தார்கள்: கதிரை வெளியே இருந்து அனுப்பாமல், ரத்தத்தில் விட்டால் என்ன? ரத்தம் போகாத இடம் இல்லை. நோய் போன இடத்துக்கு எல்லாம் கதிரும் போகும். ஆனால் அது நல்ல செல்லை விட்டுவிட்டு, கெட்ட செல்லை மட்டும் பிடிக்க வேண்டும்.

தபால்காரர் ஊர் முழுவதும் சுற்றுகிறார். ஆனால் கடிதத்தை விலாசம் பார்த்து ஒரே வீட்டில்தான் கொடுக்கிறார். அது போல, விலாசம் எழுதிய மருந்து வேண்டும்.

வழி காட்டிய அயோடின்

இந்த யோசனை புதிது அல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் சால் ஹெர்ட்ஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பிதான் அவருடைய ஆராய்ச்சி.

நாம் உண்ணும் உணவில் இருக்கும் அயோடினை தைராய்டு சுரப்பி இழுத்துக்கொள்ளும். அயோடினையே கதிர் வீசும்படி செய்துவிட்டால்? அது நேராகத் தைராய்டுக்குப் போய், அங்கேயே கதிர் வீசும் அல்லவா? 1936-ம் ஆண்டு ஒரு விஞ்ஞானக் கூட்டத்தில் ஹெர்ட்ஸ் இதைப் பற்றிக் கேள்வி கேட்டார். 1941-ம் ஆண்டு மார்ச் மாதம், தைராய்டு அளவுக்கு மீறி வேலை செய்த ஒரு பெண்ணுக்கு அந்த அணு அயோடினைக் கொடுத்தார்.

பிறகு தைராய்டு புற்றுநோய்க்கும் அதைக் கொடுத்தார்கள். உடம்பில் வேறு இடங்களுக்குப் பரவிய கட்டிகள்கூடக் கரைந்தன. இன்றும் அந்தச் சிகிச்சை உலகம் எங்கும் நடக்கிறது.

தைராய்டுக்கு விலாசம் தானாகவே அமைந்து இருந்தது. மற்றப் புற்றுநோய்களுக்கு அப்படி இல்லை. விலாசத்தை மனிதன்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பூட்டும் சாவியும்

சில புற்றுநோய் செல்களின் மேல் ஒரு வகைப் "பூட்டு" இருக்கிறது. நல்ல செல்களில் அது குறைவு. கெட்ட செல்களில் ஏராளம். அந்தப் பூட்டுக்குப் பொருந்தும் சாவியை விஞ்ஞானிகள் செய்தார்கள். சாவியின் முனையில் ஓர் அணுவைக் கட்டிவிட்டார்கள். சாவி பூட்டைத் தேடிப் போய் மாட்டிக்கொள்ளும். முனையில் உள்ள அணு கதிர் வீசும். செல் சாகும்.

ஹாலந்து நாட்டில் ராட்டர்டாம் நகரத்து டாக்டர்கள் இதில் முன்னோடிகள். 2000-ம் ஆண்டு வாக்கில் அவர்கள் லுடீசியம் கட்டிய சாவியை நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள்.

லுடீசியம் வீசும் கதிர் அதிக தூரம் போகாது. சுமார் 2 மில்லி மீட்டர். அதாவது ஓர் எள் அளவு தூரம்! பக்கத்தில் இருக்கும் நல்ல செல்களுக்கு அதிகக் கெடுதல் இல்லை.

இன்னொரு வசதியும் உண்டு. மருந்து கொடுப்பதற்கு முன்பு, அதே சாவியில் காலியம் என்ற வேறு ஓர் அணுவைக் கட்டி, படம் எடுத்துப் பார்க்கலாம். எங்கே எல்லாம் பூட்டு இருக்கிறதோ, அங்கே எல்லாம் படத்தில் வெளிச்சம் தெரியும். வெளிச்சம் தெரிந்தால்தான் மருந்து. தெரியாவிட்டால் மருந்து கொடுத்துப் பயன் இல்லை. முதலில் பார்ப்பது, பிறகு சுடுவது!

பலன் எவ்வளவு?

குடலில் வரும் ஒரு வகைக் கட்டிக்கு இந்த மருந்தைச் சோதித்தார்கள். 229 பேர் அதில் சேர்ந்தார்கள். முடிவு 2017-ம் ஆண்டில் வெளிவந்தது. 20 மாதம் கழித்துப் பார்த்தபோது, அணு மருந்து பெற்றவர்களில் 100-க்கு 65 பேருக்கு நோய் முற்றாமல் நின்று இருந்தது. மற்ற மருந்து பெற்றவர்களில் 100-க்கு 11 பேருக்குத்தான் அப்படி நின்றது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

பிறகு ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் புற்றுநோய்க்குச் சோதித்தார்கள். நோய் முற்றிய 831 பேர் சேர்ந்தார்கள். சாதாரண சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 11 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள். அணு மருந்தும் பெற்றவர்களுக்கு அது 15 மாதம் ஆனது. 2022-ம் ஆண்டு மார்ச் மாதம் அந்த மருந்துக்கும் அனுமதி கிடைத்தது.

இது நோயை அடியோடு ஒழிக்கும் அற்புதம் அல்ல. ஆனால் வேறு வழி இல்லாதவர்களுக்கு மாதங்களைக் கொடுக்கிறது.

கெடுதலே இல்லையா? உண்டு. ரத்த அணுக்கள் குறையும். வாந்தி வரலாம். வாய் உலரலாம். சிறுநீரகம் கெடாமல் இருக்கச் சிலருக்குத் தனியாக ஒரு திரவமும் ஏற்றுவார்கள். சில நாட்களுக்குச் சிறுநீரில்கூடக் கதிர் இருக்கும். அதனால் வீட்டில் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளி இருக்கச் சொல்வார்கள்.

நுரையீரலில் 9 பேர்

சிறு செல் நுரையீரல் புற்றுநோயிலும், சிலருக்கு இதே பூட்டு இருக்கிறது. எல்லோருக்கும் இல்லை. சிலருக்கு மட்டும்தான்.

அமெரிக்காவில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். முடிவை 2020-ம் ஆண்டில் வெளியிட்டார்கள். சேர்ந்தவர்கள் மொத்தம் 9 பேர். அவர்களில் 6 பேருக்கு, பரவிய சிறு செல் புற்றுநோய். லுடீசியம் மருந்தையும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் ஒரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அந்த 6 பேரில் ஒருவருக்குக் கட்டி நன்றாகச் சுருங்கியது.

ஒருவர்தானே என்று நினைக்கலாம். உண்மைதான். ஒருவரை வைத்து ஒரு மருந்தை நல்லது என்று சொல்ல முடியாது. அந்தச் சோதனையே, மருந்தை உடம்பு தாங்குமா என்று பார்ப்பதற்காகத்தான் நடந்தது. ஆனால் "சாவி நுரையீரலிலும் பொருந்தும்" என்பதற்கு அது ஓர் அடையாளம்.

வேறு பூட்டுகளையும் தேடுகிறார்கள். "டி.எல்.எல்.3" என்று ஒரு பூட்டு இருக்கிறது. சிறு செல் புற்றுநோய் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அது உண்டு. அந்தப் பூட்டைப் பிடிக்கும் ஒரு மருந்துக்கு 2024-ம் ஆண்டு மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதில் அணு இல்லை. அதே பூட்டுக்கு அணு கட்டிய சாவியை அனுப்பும் சோதனைகளும் தொடங்கி இருக்கின்றன.

எள்ளில் இருந்து தலைமுடிக்கு

லுடீசியத்தைவிடப் பலசாலி ஒன்று உண்டு. அதன் பெயர் ஆக்டினியம்-225.

லுடீசியம் வீசும் கதிர் கூழாங்கல் என்றால், ஆக்டினியம் வீசும் கதிர் பாறாங்கல். ஒவ்வொரு துகளும் 7,000 மடங்குக்கு மேல் கனமானது. ஆனால் அது போகும் தூரமோ மிக மிகக் குறைவு. ஒரு தலைமுடியின் பருமன் அளவுதான் போகும். சில செல்களைத் தாண்டுவதற்குள் நின்றுவிடும். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் கெட்ட செல் தப்புவது கடினம்.

சிறு செல் நுரையீரல் புற்றுநோய்க்கு ஆக்டினியம் கட்டிய சாவியைச் சோதித்து வருவது ரேஸ்பயோ என்ற அமெரிக்கக் கம்பெனி. 2023-ம் ஆண்டு டிசம்பரில், பிரிஸ்டல் மயர்ஸ் ஸ்குவிப் என்ற பெரிய மருந்துக் கம்பெனி அதை 410 கோடி டாலருக்கு விலை பேசியது. ஒரு மருந்தும் கடைக்கு வராத கம்பெனிக்கு 410 கோடி டாலர்!

பணம் வந்தது. நோயாளிகளும் இருந்தார்கள். ஆனால் வேறு ஒன்று இல்லாமல் போனது.

2024-ம் ஆண்டு அதே கம்பெனி, குடலிலும் கணையத்திலும் வரும் கட்டிகளுக்கு ஒரு பெரிய சோதனை நடத்திக்கொண்டு இருந்தது. திடீரென்று, புதிய நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தி வைத்தது. காரணம்? ஆக்டினியம் போதவில்லை!

உப்புப் பொடி அளவு

ஏன் போதவில்லை? ஆக்டினியம்-225 மண்ணில் தோண்டி எடுக்கும் பொருள் அல்ல.

யுரேனியம்-233 என்று ஒரு பொருள். அது மெல்ல மெல்ல அழிந்து தோரியம்-229 ஆகும். தோரியம்-229 மெல்ல அழியும்போது ஆக்டினியம் பிறக்கும். அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்ற ஊரில் உள்ள அரசு ஆராய்ச்சிக்கூடத்தில், பழைய அணு வேலைகளில் மிஞ்சிய யுரேனியத்தில் இருந்து எடுத்த தோரியம் இருக்கிறது. சில வாரங்களுக்கு ஒரு தடவை அதில் இருந்து ஆக்டினியத்தைப் பிரித்து எடுப்பார்கள். பசு மாட்டில் பால் கறப்பது போல! விஞ்ஞானிகளே இப்படிப்பட்ட பொருளைப் "பசு" என்றுதான் சொல்கிறார்கள்.

ஆனால் இந்தப் பசு கறப்பது மிகக் குறைவு. பல ஆண்டுகளாக, உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் கிடைத்த ஆக்டினியத்தை எல்லாம் ஒன்று சேர்த்தாலும், ஒரு சின்ன உப்புப் பொடியின் எடைகூட வராது!

அதைச் சேர்த்து வைக்கவும் முடியாது. 10 நாளில் பாதி போய்விடும்.

இப்போது பெரிய எந்திரங்களில் ரேடியத்தின் மீதும் தோரியத்தின் மீதும் துகள்களை மோதவிட்டு, புதிதாக ஆக்டினியம் செய்கிறார்கள். பல நாடுகள் இதில் இறங்கி இருக்கின்றன. அளவு கூடி வருகிறது. ஆனால் தேவை அதைவிட வேகமாகக் கூடுகிறது.

பூட்டிய தொழிற்சாலை

லுடீசியத்துக்கு இவ்வளவு பஞ்சம் இல்லை. என்றாலும் ஆபத்து உண்டு.

2022-ம் ஆண்டு மே மாதம், நோவார்ட்டிஸ் என்ற சுவிட்சர்லாந்துக் கம்பெனி, தரத்தில் சந்தேகம் வந்ததால் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இருந்த இரண்டு தொழிற்சாலைகளிலும் வேலையை நிறுத்தியது. சில வாரங்கள் கழித்துத்தான் மறுபடியும் தொடங்கியது. அடுத்த ஆண்டு, மருந்து போதாமல் அமெரிக்காவில் புதிய நோயாளிகள் காத்து இருக்க நேர்ந்தது. பிறகு நிலைமை சீர்பட்டது. 2024-ம் ஆண்டில் இண்டியானாபொலிஸ் நகரத்துப் புதிய தொழிற்சாலைக்கும் அனுமதி கிடைத்தது.

சாதாரண மாத்திரை என்றால், கடைகளில் சில மாதச் சரக்கு இருக்கும். தொழிற்சாலை ஒரு மாதம் மூடினாலும் யாருக்கும் தெரியாது. இந்த மருந்துக்குச் சரக்கு என்பதே கிடையாது. தொழிற்சாலை இன்று மூடினால், அடுத்த வாரமே கட்டில் காலி.

லுடீசியத்தைச் செய்ய அணு உலை வேண்டும். ஐரோப்பாவில் இதற்குப் பயன்படும் பெரிய உலைகளில், ஹாலந்தில் உள்ளதும் பெல்ஜியத்தில் உள்ளதும் 1960-களின் தொடக்கத்தில் வேலைக்கு வந்தவை. அறுபது வயதைத் தாண்டியவை. பழுது பார்க்க ஓர் உலையை நிறுத்தினால் மற்றது சுமக்க வேண்டும். கனடா நாடு ஒரு புது வழி கண்டது. 2022-ம் ஆண்டு முதல், மின்சாரம் எடுக்கும் அணு உலையிலேயே லுடீசியமும் செய்கிறது.

நம் நாட்டில் மும்பையில், டிராம்பேயில் உள்ள துருவா அணு உலையில் லுடீசியம் செய்கிறார்கள். குடல் கட்டிக்கும் பிராஸ்டேட் புற்றுநோய்க்கும் பெரிய ஆஸ்பத்திரிகளில் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் வெளிநாட்டு விமானத்தை எதிர்பார்க்க வேண்டியது இல்லை என்பது ஓர் ஆறுதல்.

குடும்பத்தார் கவனத்துக்கு

வீட்டில் ஒருவருக்கு நுரையீரல் புற்றுநோய் என்றால், யார் எதைச் சொன்னாலும் நம்பத் தோன்றும். நிலத்தை விற்றாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று மனம் துடிக்கும். அதனால் சில விஷயங்களைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலாவது: சிறு செல் நுரையீரல் புற்றுநோய்க்கு அணு மருந்து இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. "நிச்சயம் குணமாகும்" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

இரண்டாவது: டாக்டரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். "இது எந்த வகை நுரையீரல் புற்றுநோய்?" "படம் எடுத்துப் பார்த்தால், அணு மருந்து போய்ச் சேரும் பூட்டு இதில் இருக்குமா?" இந்த இரண்டுக்கும் பதில் தெரியாமல் அணு மருந்தைப் பற்றிப் பேசுவதில் பொருள் இல்லை.

மூன்றாவது: சோதனையில் சேருவதாக இருந்தால், என்ன கொடுக்கிறார்கள், என்ன கெடுதல் வரலாம் என்று எழுத்தில் கேட்டு, படித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடுங்கள். வேண்டாம் என்று எந்த நாளிலும் விலகிக்கொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு.

நான்காவது: மருந்து வர நாள் ஆகும். பீடியையும் சிகரெட்டையும் விடுவதற்கு நாள் பார்க்க வேண்டியது இல்லை.

சாவி செய்ய விஞ்ஞானிகளுக்குத் தெரிந்துவிட்டது. பூட்டையும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வருகிறார்கள். இனி மீதி இருப்பது உலையும், தொழிற்சாலையும், விமானமும். இவை விஞ்ஞானியின் கையில் இல்லை. அரசுகளின் கையிலும் கம்பெனிகளின் கையிலும் இருக்கின்றன.

நோயாளிக்கு நாள் குறைவு. மருந்துக்கும் நாள் குறைவு. இரண்டும் ஒரே கட்டிலில், ஒரே நாளில் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்புக்கு ஏற்பாடு செய்யாவிட்டால், எவ்வளவு பெரிய கண்டுபிடிப்பும் ஈயப் பெட்டிக்குள்ளேயே கரைந்து போகும்.